எந்தத் திருகைத் திருப்புவது?

சில மின்கிட்டார்களில் தந்திகள் வந்து முடியும் இடம் மரத்தோடு இறுக்கப்பட்டிருப்பதில்லை. பாலம் எனப்படும் அந்த உலோகத் தகடு முன்விளிம்பில் மட்டும் திருகுகளின் மேல் ஊன்றிக்கொண்டு, மற்றபடி அந்தரத்தில் நிற்கிறது. ஆறு தந்திகள் அதை முன்னால் இழுக்கின்றன. கிட்டாரின் முதுகில் குடைந்த பள்ளத்துக்குள் மூன்று ஸ்பிரிங்குகள் பின்னால் இழுக்கின்றன. இரண்டு இழுப்பும் ஈடாகும் இடத்தில் பாலம் அசையாமல் நின்றுவிடுகிறது. இதைத்தான் மிதக்கும் பாலம் என்கிறார்கள். மெல்லிய தந்திகளைச் சுருதிக்கு ஏற்றினாலே ஆறும் சேர்ந்து சுமார் 38 கிலோ எடைக்கு நிகராக இழுக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த இழுபறி எதுவும் தெரியாது. ஒரு தகடு அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அமைதியைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒன்று அசையாமல் நிற்கிறது என்பதால் அங்கே எல்லாம் முறையாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? சமநிலையும் நீதியும் ஒன்றா? நம் வீடுகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசிப் பழகியிருக்கிறோம். சண்டையில்லாத வீடு நல்ல வீடு. குரல் எழாத மருமகள் நல்ல மருமகள். எதை எதோடு ஈடுகட்டி அந்த அமைதி வந்தது என்று கேட்கிறவள் வம்புக்காரி.

என் நாற்பத்தாறாவது வயதில், சம்பள நிலுவை வந்த கையோடு நான் ஒரு மின்கிட்டார் வாங்கினேன். கடைப் பையன் முதலில் கேட்டது, "பையனுக்கா மேடம்?" என்று. எனக்குத்தான் என்றேன். அவன் மரியாதை மாறாமல், மிதக்கும் பாலம் உள்ளது வேண்டாம் என்றான். "கத்துக்கிறவங்களுக்கு ஃபிக்ஸ்டு பிரிட்ஜ்தான் மேடம் நல்லது. இதுல ஒண்ணத் தொட்டா எல்லாம் போயிடும்." குடும்பத்தைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்ட எல்லா அறிவுரையும் அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தது. அதனாலேயே அதை வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

இதன் பெயரிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் படித்தவளுக்குப் பெயரைத் தாண்டிப் போக முடிவதில்லை. இந்தப் பாலத்தோடு ஒரு கைப்பிடிக் கம்பி வரும். அதை அழுத்தினால் எல்லாத் தந்திகளும் தளர்ந்து சுருதி இறங்கும், தூக்கினால் ஏறும். சுருதி இப்படி அலைவதற்கு மேலைச் சங்கீதத்தில் வைப்ராட்டோ என்று பெயர். ட்ரெமோலோ என்பது ஒலியின் அளவு கூடிக் குறைவது. ஆனால் 1954இல் ஸ்டிராட்டோகாஸ்டர் கிட்டாரை வெளியிட்ட லியோ ஃபெண்டர், சுருதியை அலைக்கும் தன் பாலத்துக்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்துவிட்டார். அவர் ரேடியோ பழுதுபார்ப்பவராகத் தொழில் தொடங்கியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். எழுபது ஆண்டுகளாகத் தவறென்று தெரிந்தே உலகம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளைச் செய்கிறவர் வைக்கும் பெயருக்கு அத்தனை ஆயுள். பெண் விட்டுக்கொடுப்பதற்கு வீட்டைச் செய்தவர்கள் வைத்த பெயர் பொறுமை. அது பலமுறை பொறுமையாக இருந்ததில்லை. பயமாக, களைப்பாக, போக்கிடம் இல்லாமையாக இருந்திருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

இப்போது கிட்டாரைச் சீரமைக்கும் வேலைக்கு வருகிறேன். புதிதாக வாங்கிய கிட்டாரில் தந்திகளை மாற்றிவிட்டுத் தடித்த தந்தியிலிருந்து தொடங்குவோம்: இ, ஏ, டி, ஜி, பி, மீண்டும் மேல் இ. முதல் தந்தியைச் சரியான சுருதிக்கு முறுக்கி நிறுத்துகிறோம். இரண்டாவதை முறுக்குகிறோம். அந்தக் கூடுதல் இழுப்பில் பாலம் இம்மியளவு முன்னால் சாய்கிறது. முதல் தந்தி இளகிவிடுகிறது. மூன்றாவதை முறுக்கினால் முதலிரண்டும் இறங்குகின்றன. ஆறாவதை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதல் தந்தி வேறெங்கோ இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். இரண்டாம் சுற்றில் பிழை குறைகிறது, மூன்றாம் சுற்றில் இன்னும் குறைகிறது. நான்கைந்து சுற்றுகளில் நிலைகொள்ளும். இறுக்கப்பட்ட பாலத்தில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அங்கே ஒவ்வொரு தந்தியும் கிட்டத்தட்டத் தனியாள்.

ஆறும் சுருதிக்கு வந்த பிறகு பாலத்தைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். அது உடலுக்கு இணையாக நிற்கிறதா, அல்லது அந்தக் கிட்டாரைச் செய்தவர்கள் சொன்ன இடைவெளியில் நிற்கிறதா என்று. ஸ்டிராட்டோகாஸ்டர் வகையில் பின்விளிம்புக்கு அடியில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி என்பது வழக்கமான கணக்கு. பாலம் முன்னால் தூக்கிக்கொண்டு நின்றால் தந்திகளின் இழுப்பு அதிகம். பின்னால் அமுங்கினால் ஸ்பிரிங்குகளின் இழுப்பு அதிகம். இப்போது கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, முதுகிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுகிறோம். உள்ளே ஸ்பிரிங்குகளின் மறுமுனைகள் ஒரு கொக்கித் தகட்டில் மாட்டியிருக்கும். அந்தத் தகட்டை மரத்தோடு பிடித்திருப்பவை இரண்டு நீண்ட திருகுகள். பாலம் முன்னால் சாய்ந்திருந்தால் இரண்டையும் கால் சுற்று, அரைச் சுற்று உள்ளே முறுக்க வேண்டும். பின்னால் அமுங்கியிருந்தால் வெளியே தளர்த்த வேண்டும். மீண்டும் ஆறு தந்திகளையும் சுருதி சேர்க்க வேண்டும். மீண்டும் பார்க்க வேண்டும். தந்திகளின் உயரமும், பன்னிரண்டாம் கட்டில் சுருதி சுத்தமாக விழுகிறதா என்பதும் இதற்குப் பிறகுதான். பாலம் நிலைகொள்ளாமல் அவற்றைத் தொட்டுப் பயனில்லை.

இந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. எந்த வழிகாட்டியும் அதை விதியென்று எழுதுவதில்லை, ஏனென்றால் வேறு மாதிரிச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தந்திகளின் சுருதி பேரத்துக்கு உரியதல்ல. பின்னாலிருக்கும் திருகுகள்தான் பேரத்துக்கு உரியவை. பாலம் சாய்ந்துவிட்டது என்பதற்காக "சரி, இந்த ஏ தந்தி கொஞ்சம் இறங்கியே இருக்கட்டும்" என்று எவரும் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் பாலம் நேராகத்தான் நிற்கும். பார்வைக்கு எல்லாம் அழகாக இருக்கும். வாசித்தால் அபஸ்வரம். சுருதிக்காகத்தான் பாலம், பாலத்துக்காகச் சுருதி அல்ல.

நம் வீடுகளில் இந்த விதி தலைகீழாக இருக்கிறது. பின்னாலிருக்கும் திருகுகள் தொடக்கூடாதவை. யார் எத்தனை மணிக்கு எழுவது, யார் சமைப்பது, விருந்தாளி வந்தால் யார் விடுப்பெடுப்பது, படுத்திருக்கும் பெரியவருக்கு யார் துணி மாற்றுவது என்பவை மரத்தோடு மரமாக ஒட்டிப்போனவை என்று நினைக்கிறோம். அவை திருகுகள் என்பதே மறந்துபோய்விட்டது. மூடியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கமே கிடையாது. எனவே பாலம் சாயும்போதெல்லாம் எந்தத் தந்தி புதிதாக முறுக்கேறியது என்று தேடுகிறோம். அது வேலைக்குப் போகத் தொடங்கியவளாக, மேலே படிக்கச் சேர்ந்தவளாக, கவிதைக் கூட்டத்துக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவளாக இருக்கும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று அவளிடம் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது கருவிகளைச் சரிசெய்வதற்கும் ஆகிற சொல். வீட்டுத் தமிழுக்குள் வந்தபோது அதன் திசை மாறிவிட்டது. கருவியை மனிதர் சரிசெய்வது போய், கருவி மாறாதிருக்க மனிதர் தன்னைச் சரிசெய்துகொள்வது என்றாகிவிட்டது.

ஒரு தந்தி உயர்ந்தால் இளகுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். மிதக்கும் பாலமுள்ள கிட்டாரில் கமகம் வாசிக்கப் பார்த்தால் இது புரியும். ஒரு தந்தியை விரலால் இழுத்து வளைக்கிறோம், அதன் சுருதி ஏறுகிறது. ஆதார சுருதிக்காகப் பக்கத்தில் ஒலிக்கவிட்ட தந்தி அதே நேரத்தில் இறங்குகிறது. வளைத்தது ஒன்றை, தளர்ந்தது மற்றவை. நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்த நாளில் என் மகளுக்கு இரண்டு வயது. நூலகத்திலிருந்து மாலை ஏழரைக்கு வருவேன். அந்த ஏழரை மணிவரை குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் என் மாமியார். ஒருநாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார். "நீ படிக்கிறது சரிதாம்மா. நிறுத்தாத. ஆனா உம் பாரம் எம் மடிக்கு வந்திருக்கு, பாத்தியா. அவன் மடி காலியாத்தான் இருக்கு." ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அத்தை. நான் எந்தக் கோட்பாட்டு நூலிலும் அதைவிடத் தெளிவாகப் படித்ததில்லை. அவர் என்னைச் சுருதி இறங்கச் சொல்லவில்லை. தான் இளகிப்போனதைப் பெருமையாகவும் பேசவில்லை. மூடியைக் கழற்றித் திருகைக் காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அவர் மகன் அலுவலகத்திலிருந்து ஐந்தரைக்கே கிளம்பி வர ஆரம்பித்தார். அதுவரை அப்படி வர முடியாதென்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

ஒரு பெண் உயரும்போது அவள் விட்டுச்செல்லும் வேலை பெரும்பாலும் இன்னொரு பெண்ணிடம்தான் போய்ச் சேர்கிறது: மாமியாரிடம், அம்மாவிடம், மூத்த மகளிடம், மாதச் சம்பளத்துக்கு வரும் அக்காவிடம். இதைக் காட்டி, "பெண்ணுக்குப் பெண்தான் எதிரி" என்பார்கள். தந்திக்குத் தந்தி எதிரியல்ல. இரண்டும் ஒரே தகட்டில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தத் தகட்டின் பின்னாலிருக்கும் திருகை யாரும் தொடவில்லை. அதுதான் விஷயம்.

தந்தி ஒன்று அறுந்துபோனால் நடப்பது இதைவிடக் கடுமையானது. முன்னிழுப்பு சட்டென்று குறைவதால் ஸ்பிரிங்குகள் வென்று பாலத்தைப் பின்னால் சாய்த்துவிடும். மீதமுள்ள ஐந்தும் இறுகிச் சுருதி ஏறிவிடும். எவ்வளவு நேரம் கழித்தாவது பாலம் புதியதோர் இடத்தில் நிற்கும் என்றல்ல, உடனே நின்றுவிடும். அதற்குச் சமநிலை உடனே கிடைத்துவிடுகிறது.

என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவியின் தாய் திடீரென்று இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அவள் வரவில்லை. சக ஆசிரியை ஒருவரோடு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முற்றம் பெருக்கியிருந்தது. துணி துவைத்துக் காயப்போட்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியின் சீருடை இஸ்திரி போட்டுத் தொங்கியது. தகப்பனார் முரடர் அல்ல, குடிப்பவரும் அல்ல. "வேற என்ன டீச்சர் பண்றது? புள்ளதான் சமாளிக்குது" என்றார். பக்கத்து வீட்டு அம்மாள், "பாருங்க, அம்மா இல்லாத வீடு மாதிரியா இருக்கு?" என்று பெருமையோடு சொன்னார். அது உண்மை. அம்மா இல்லாத வீடு மாதிரி அது இல்லை. அந்த வீடு பழையபடி நிற்பதற்காகப் பத்தொன்பது வயதுப் பெண் தன் தாயின் இழுவிசையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். சமநிலை வந்துவிட்டது. நீதி வரவில்லை.

அங்கே செய்ய வேண்டியிருந்தது திருகைத் தளர்த்துவது. மூன்று வேளையும் சூடான சோறு, தினமும் இஸ்திரி போட்ட சட்டை, ஆண்கள் அடுப்பண்டை போகாத வழக்கம் என்று அந்த வீட்டைப் பின்னாலிருந்து இழுத்த எதிர்பார்ப்புகளில் ஒன்றைக் கால் சுற்று இளக்கியிருந்தால் போதும். அடுத்த ஜூனில் அவள் திரும்பி வந்தாள், ஒரு வருடம் பின்தங்கி. தம்பி சோறு வடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். சோறு வடிக்கக் கற்க ஒரு வாரம் போதும். அந்த வீட்டுக்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் அவளுடையது.

நீதியைப் பற்றி நம்மிடம் இருக்கும் பழைய உருவகம் துலாக்கோல். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் அதைத்தான் கையாள்கிறார். மன்றத்தில் வழக்கு வரும்போது அது பொருத்தமான உருவகம். துலாக்கோலுக்கு வெளியே, எந்தத் தட்டிலும் உட்காராத ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் அப்படியொரு வெளிக்கை கிடையாது. அங்கே எல்லோரும் தட்டில் இருக்கிறார்கள். எல்லோர் எடையும் எல்லோரையும் அசைக்கிறது. "நான் நடுநிலையாகச் சொல்கிறேன்" என்று பேசத் தொடங்கும் குடும்பப் பெரியவருக்கும் அந்த வீட்டில்தான் காபி வருகிறது. வீட்டில் ஒரே எடுப்பில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சுருதி சேர்ப்பதுபோலச் சுற்றுச் சுற்றாகத்தான் வர முடியும். ஒருத்தியின் காலையைச் சரிசெய்தால் இன்னொருத்தியின் மாலை தளரும். அதையும் கேட்டு, மறுபடி முதலுக்கு வர வேண்டும். பல சுற்றுகள் ஆகின்றன என்பது அது முடியாத வேலை என்பதற்கு அடையாளமல்ல. ஒவ்வொரு சுற்றிலும் பிழை குறைகிறதா என்பதே கேள்வி.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. முதுகுப் பள்ளத்துக்குள் அளவாகச் செதுக்கிய மரத்துண்டைச் செருகிப் பாலத்தை அசையாமல் அடைத்துவிடுவார்கள். பிறகு ஒரு தந்தி அறுந்தாலும் மற்றவை அப்படியே நிற்கும். வளைத்தாலும் பக்கத்துத் தந்தி இறங்காது. தேர்ந்த வாசிப்பாளர்கள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். தனியாக வாழ முடிவெடுத்த தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். தன் பெயரில் வீடு, தன் பெயரில் கணக்கு, சாவி தன்னிடம் மட்டும். அவர்களைப் பற்றி, "பந்தம் அறியாதவர்கள்" என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். மரத்துண்டைச் செருகியவளிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. எத்தனை முறை அவள் இளக்கப்பட்டாள், எத்தனை பேர் திருகைத் தொட மறுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அதுவே தீர்வு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அடைத்த பாலத்தில் அந்தக் கைப்பிடிக்கு வேலை இல்லை. ஆறு குரலும் ஒன்றாக நடுங்கி ஒன்றாக மீளும் அந்த அலை அதில் வராது. பிறரால் அசைக்கப்படுவது முழுக்கத் தீங்கென்றால், என் மகளின் காய்ச்சலில் நான் உறங்காமல் இருந்ததும் தீங்காகிவிடும். அசைவது தீங்கல்ல. எப்போதும் அசைய வேண்டியவர் யார் என்று முன்கூட்டியே முடிவாகியிருப்பதுதான் தீங்கு.

உருவகங்களோடு கவனமாகவும் இருக்க வேண்டும். பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகளைச் சொல்லி வரும் புலவர், பத்தரின் மேல் தோலைத் தைத்த இடத்தை இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றிலுள்ள மென்மயிர் ஒழுங்குக்கு ஒப்பிடுகிறார். கிட்டாருக்கும் கழுத்தும் இடையும் உண்டு. கருவியைப் பெண்ணுடலாகப் பார்க்கும் கண் இரண்டாயிரம் ஆண்டாக மூடவில்லை. நான் அந்த வழியில் போகவில்லை. பெண்ணைக் கருவி என்று சொல்லவில்லை. வீடு என்ற ஏற்பாட்டைக் கருவி என்கிறேன். பெண் அதில் கட்டப்பட்டிருக்கிறாள்; ஆனால் தந்தியைப் போலன்றி அவளுக்குக் கையும் இருக்கிறது. அவளால் கிட்டாரைக் கவிழ்த்து மூடியைக் கழற்ற முடியும்.

முதுகுப்புறம் யாருடையது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஃபெண்டர் நிறுவனத்தின் கலிஃபோர்னியத் தொழிற்சாலையில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளுக்கு முடிபோன்ற செம்புக் கம்பியைச் சுற்றியவர்களில் பெண்கள் பலர். அபிகேல் இபாரா 1950களில் அங்கே சேர்ந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்த வேலையைச் செய்தார். மேடையில் அந்தக் கிட்டாரோடு புகழ்பெற்றவர்களின் பெயர்களை உலகம் முதலில் அறிந்தது. அவர் பெயரை வெகுகாலம் கழித்தே அறிந்தது. கிட்டாரின் உள்ளே பெண் கைகள் எப்போதும் இருந்திருக்கின்றன. ஸ்க்ரூடிரைவரோடு அதைத் திறக்கும் கைகளாக அவற்றை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே அடுத்தமுறை ஒரு வீட்டில், "அவ மாறிட்டா, அதான் எல்லாம் கெட்டுது" என்று கேட்டால், அவள் மாறியது உண்மைதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளலாம். தடித்த தந்தி பூட்டினால் பாலம் சாயத்தான் செய்யும்; அதில் தந்தியின் குற்றம் எதுவுமில்லை, பொய்யும் எதுவுமில்லை. அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அவள் மாறியபோது இந்த வீட்டில் யார் எழுந்துபோய்த் திருகைத் திருப்பினார்கள்?